எனக்கும் நாய்க்கும் ஒரே சொட்டு மருந்து: லட்டுவோட கண்ணை எடுக்கச் சொல்றாங்க, என்ன செய்ய?

யீஷூன்_தையல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்குங்க.

எனக்கு வயசு 59. சிங்கப்பூர் யீஷூன்ல வீட்டுலயே மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். மெஷின் பெடலுக்குப் பக்கத்துல எப்பவும் படுத்திருக்கிறவன் லட்டு. ஷீ ட்ஸூ, 9 வயசு. மகன் ஆசைப்பட்டு வாங்கினது. அவன் வேலைக்குப் பெர்த் போயிட்டான், லட்டு எங்கிட்டயே தங்கிட்டான்.

தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில பார்த்தா அவனோட இடது கண்ணு சிவந்திருந்துச்சு. முந்தின நாள்தான் குளிப்பாட்டினேன், ஷாம்பு பட்டிருக்கும்னு நினைச்சு ஆறின வெந்நீர்ல துடைச்சு விட்டேன். மேசை மேல இருபத்திரண்டு ரவிக்கை காத்துக்கிட்டு இருந்துச்சு, அதுதான் உண்மை. வியாழக்கிழமை கண்ணு பால் ஊத்தின மாதிரி நீலம் பூத்துப் போச்சு. சோறு தொடலை. இடது பக்கம் தலையைத் தடவினா கத்துறான். அப்புறம்தான் டாக்ஸி பிடிச்சு வெட், அதான் மிருக டாக்டர்கிட்ட ஓடினேன்.

அந்த அம்மா பேனா மாதிரி ஒரு சின்னக் கருவியைக் கண்ணுக்கு நேரா பிடிச்சாங்க. கண்ணுக்குள்ள அழுத்தம் இடது 54, வலது 17. நாய்க்கு 25க்குள்ள இருக்கணுமாம். அவங்க விளக்க ஆரம்பிச்சதும் நான், "டாக்டர், இந்த நம்பர் எனக்குத் தெரியும்"னு சொன்னேன். எட்டு வருஷமா எனக்கும் இதே வியாதிதான். கிளாகோமா, கண் அழுத்த நோய்.

எனக்கு வந்த விதம் வேற. 2017ல வெள்ளெழுத்துக் கண்ணாடி மாத்தப் போன இடத்துல, பக்கத்துல வேற டாக்டரைப் பாருங்கன்னு அனுப்பிட்டாங்க. அழுத்தம் 27, 25. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. 11ஆம் நம்பர் ஊசியில ஒரே தடவையில நூல் கோக்கிறவ நான், என் கண்ணுக்கு என்ன? இந்த வியாதி நடுப்பார்வையைக் கடைசி வரைக்கும் விட்டு வைக்கும், ஓரத்துலேர்ந்துதான் தின்னும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. தேக்கா மார்க்கெட்ல ஆளுங்க மேல நான் இடிச்சுக்கிட்டதுக்கெல்லாம் கூட்டத்தைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். அன்னையிலேர்ந்து ராத்திரிக்கு ஒரு சொட்டு லட்டானோபிராஸ்ட். அதுல இமை முடி நீளமா வளர்ந்து, ரவிக்கை அளவு கொடுக்க வர்ற பிள்ளைங்க "என்ன மஸ்காரா ஆன்ட்டி?"ன்னு கேட்குதுங்க.

வெட் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்தா அதுவும் லட்டானோபிராஸ்ட்! என் ஃப்ரிட்ஜ்ல இருக்கிற அதே பேரு. அவனுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, அதோட டோர்சொலமைட்னு அழுத்தம் குறைக்கிற இன்னொரு சொட்டு மூணு தடவை. ஒரு வாரம் கழிச்சுப் போனா அழுத்தம் 41. இடது கண்ணுல பார்வை போயிடுச்சு, வலி மட்டும்தான் மிச்சம், எடுத்துடுறது நல்லதுன்னு சொல்றாங்க. வலது கண்ணுக்கும் பின்னாடி வரலாமாம்.

ராத்திரி தூக்கம் இல்லை. கண்ணை எடுக்கிறது பாவமா, எடுக்காம வலியோட விடுறது பாவமா? ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துன்னா என் பாட்டில்லேர்ந்தே விடலாமா? லட்டானோபிராஸ்ட் விட்டதும் அவன் கண்ணோட பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிடுது, அது சரிதானா?

இன்னொன்னும் சொல்லிடுறேன். மருந்து நேரத்துக்கு ஃப்ரிட்ஜ் கதவுல காலண்டர் தாள் ஒட்டியிருக்கேன். லட்டு வரிசையில ஒரு கட்டம் விடாம டிக் இருக்கு. என் வரிசையில வாரத்துக்கு ரெண்டு ஓட்டை. தூங்கிப் போயிடுறேன். எங்க அக்கா வந்தப்போ அதைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம கோப்பி கலக்கப் போயிட்டாங்க. திட்டியிருந்தாலும் பரவாயில்லை.

தெம்பனிஸ்_டைகரப்பா:

அக்கா, எங்க டைகர் மினியேச்சர் ஷ்னாவ்ஸர். மூணு வருஷத்துக்கு முன்னாடி வலது கண்ணு எடுத்தாச்சு. நானும் உங்களை மாதிரியே பதினைஞ்சு நாள் தள்ளிப் போட்டேன். இன்னிக்கு வரைக்கும் மனசுல உறுத்துறது அந்தப் பதினைஞ்சு நாள்தான்.

நாய் வலியை அழுது காட்டாது. டைகர் தூங்கிக்கிட்டே இருந்தான், வயசாயிடுச்சுன்னு நாங்க பேசிக்கிட்டோம். அறுவை முடிஞ்சு நாலாம் நாள், கழுத்துல அந்தப் புனலை மாட்டிக்கிட்டே லிஃப்ட் வாசல் வரைக்கும் ஓடினான். அப்போதான் புரிஞ்சுது, அது வயசு இல்லை, தலைவலின்னு. தையல் பிரிக்க ரெண்டு வாரம். முடி வளர்ந்ததும் கண்ணடிக்கிற மாதிரி ஒரு முகம், அவ்வளவுதான். கண்ணு இருந்த இடம் குழியா தெரியக் கூடாதுன்னா உள்ளே சிலிக்கான் உருண்டை வைக்கிற முறையும் இருக்கு. எங்களுக்கு அது வேணாம்னு பட்டுச்சு.

எடுத்த கண்ணைத் தூக்கிப் போட விடாதீங்க. ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்க. கண்ணுக்குள்ள இருக்கிற நீர் வெளியேறுற வடிகால் பிறவியிலேயே சரியா அமையலையா, இல்லை அழற்சியோ கட்டியோ காரணமான்னு அதுலதான் தெரியும். வலது கண்ணுக்கு என்ன செய்யணும்ங்கிறதும் அதை வெச்சுத்தான். செலவு விவரத்தை முன்கூட்டியே எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க. நாய்க்கு மெடிசேவ் (நம்ம மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கிடையாது.

கழுத்துப் பட்டையை இன்னிக்கே கழட்டிடுங்க. கழுத்தை இழுத்தா கண்ணுல அழுத்தம் ஏறும். நெஞ்சுல மாட்டுற வார் போதும்.

வலது கண்ணு இப்போ 17ன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. 2000ல வந்த ஓர் ஆய்வை எங்க வெட் காட்டினார். ஒரு கண்ணு போன நாய்ங்களுக்கு மறு கண்ணுக்கு மருந்தே விடலைன்னா, நடுவாக்கில 8 மாசத்துல அதுக்கும் வந்துடுச்சு. முன்கூட்டியே மருந்து விட்ட நாய்ங்களுக்கு 30 மாசம் கிட்ட தள்ளிப் போச்சு. டைகருக்கு மூணு வருஷம் தாண்டிடுச்சு, இன்னும் பந்து பிடிக்கிறான்.

கண்ணாடிக்கடைத்தம்பி:

ஆன்ட்டி, நான் அக்கம்பக்கத்துக் கண்ணாடிக் கடையில கண் பரிசோதிக்கிறவன். நாய் பத்தித் தெரியாது, உங்களைப் பத்திப் பேசுறேன்.

பாட்டிலைப் பங்கு போடாதீங்க. பாட்டில் நுனி இமையில பட்டா கிருமி உள்ளே போகும், அது அப்படியே அடுத்த கண்ணுக்கும் போகும். பேர் ஒண்ணா இருந்தாலும் ஆளுக்கு ஒரு பாட்டில், மேல பேர் எழுதி ஒட்டுங்க. பிரிக்காத லட்டானோபிராஸ்ட் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கணும். பிரிச்சது 25 டிகிரிக்குக் கீழே வெளியில இருக்கலாம்னு தாள்ல போட்டிருக்கும். நம்ம ஊர் வீட்டுல 25 டிகிரி எங்கே? பிரிச்சதும் ஃப்ரிட்ஜ்லயே இருக்கட்டும். பிரிச்ச தேதியை மறக்காம எழுதுங்க.

ஒரு சொட்டு போதும், கண்ணால ரெண்டாவதைத் தாங்க முடியாது, கன்னத்துலதான் வழியும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை ரெண்டு நிமிஷம் விரலால அழுத்திக்குங்க, மருந்து தொண்டைக்குள்ள இறங்காது. ரெண்டு மருந்து இருந்தா நடுவுல 5 நிமிஷம் விடுங்க.

இப்போ அந்த ரெண்டு ஓட்டைக்கு வருவோம். லட்டுவோட கண்ணு சிவந்துச்சு, மங்கிச்சு, அவன் கத்தினான். உங்க கண்ணு ஒண்ணுமே பண்ணாது. ஓரத்துல விழுந்த ஓட்டையை மூளையே பக்கத்துத் துணியைப் போட்டு ஒட்டுத் தையல் போட்டுடும், உங்க தொழில்தான். அதனால அழுத்தம் நல்லா இருக்குன்னு கேட்டுட்டு வந்துடாதீங்க. கிண்ணத்துக்குள்ள தலையை வெச்சு, வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா பொத்தானை அழுத்துற அந்தப் பரிசோதனையைக் கடைசியா எப்போ செஞ்சீங்க?

சொட்டு ஒத்து வரலைன்னா லேசர் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. பிரிட்டன்ல நடந்து 2019ல வெளிவந்த ஆய்வுல, புதுசா கண்டுபிடிச்சவங்களுக்கு முதல்லயே லேசர் செஞ்சப்போ, முக்கால்வாசிப் பேர் 3 வருஷம் சொட்டு இல்லாமலே சமாளிச்சாங்க. நீங்க புதுசு இல்லை, உங்க கண்ணுக்குப் பொருந்துமான்னு அவங்கதான் பார்த்துச் சொல்லணும்.

கோப்பி கலக்கப் போன அக்கா கண்ணைக் காட்டியிருக்காங்களா? கூடப் பிறந்தவங்களுக்கு வர வாய்ப்பு அதிகம். பலதுறை மருந்தகத்துல (பாலிகிளினிக்) கடிதம் வாங்கிக்கிட்டு மருத்துவமனைக்குப் போனா கட்டணத்துல சலுகை உண்டு.

செம்பவாங்_முருகேசு:

சகோதரி, நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றுங்கள், குளிர்ச்சி. தினமும் சிரசாசனம், காலையில் வெறும் வயிற்றில் ஒரே மூச்சாக ஒரு லிட்டர் தண்ணீர். என் 71 வயதில் கண்ணாடியே இல்லை. கண் சிவந்தால் ஊரிலிருந்து கொண்டுவரும் ஒரு சொட்டு மருந்து இருக்கிறது, ஒரே நாளில் சிவப்பு போய்விடும்.

கண்ணாடிக்கடைத்தம்பி:

அங்கிள், கோவிச்சுக்காதீங்க. தலைகீழா நின்னா கண் அழுத்தம் ரெண்டு மடங்கு ஏறும், கிளாகோமா உள்ளவங்களுக்குச் சிரசாசனம் கூடவே கூடாது. ஒரு லிட்டரை ஒரே மூச்சுல குடிச்சாலும் ஏறும். அந்தக் காலத்துல கிளாகோமாவைச் சோதிக்கவே அப்படித்தான் தண்ணி குடிக்க வைப்பாங்க. கொஞ்சம் கொஞ்சமா குடிச்சா தப்பில்லை. பூ வாசலோட நிக்கட்டும்.

ஒரே நாள்ல சிவப்பு போகுதுன்னா அதுல ஸ்டீராய்டு இருக்கலாம். மாசக்கணக்கா விட்டா அதுவே கிளாகோமாவைக் கொண்டு வரும். பாட்டிலை எடுத்துக்கிட்டு ஒரு கண் டாக்டரைப் பாருங்க, கண்ணாடி இல்லாத கண்ணையும் காட்டுங்க.

ஜூரோங்_பூனைக்காரி:

பூனை வெச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை, ஏன்னா 2024 செப்டம்பர்லேர்ந்து வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுலயும் பூனை வளர்க்கலாம்னு ஆனதும் நிறையப் பேர் புதுசா வளர்க்கிறாங்க. இதைப் படிச்சுட்டு அம்மாவோட லட்டானோபிராஸ்ட்டைப் பூனைக்கு விட்டுடாதீங்க. பூனைக்குப் பாப்பா சுருங்கும், அழுத்தம் இறங்காது. எங்க வெள்ளையனுக்குக் கண்ணுக்குள்ள அழற்சி, அதுலேர்ந்து அழுத்தம். அழற்சிக்கு ஒரு மருந்து, டோர்சொலமைட் ஒண்ணு, அதுலதான் நிக்குது.

தையல்காரி அக்கா, நாய்க்குப் பாப்பா அப்படிச் சுருங்குறது அந்த மருந்தோட குணம்தான், பயப்படாதீங்க. ஆனா கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் இடம் நழுவி முன்னாடி வந்திருந்தா அந்த மருந்தே ஆகாது. உங்க வெட் அதைப் பார்த்துட்டுத்தான் கொடுத்திருப்பாங்க, இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

மருந்து விடும்போது முன்னாடி நிக்காதீங்க. பின்பக்கமா உட்கார்ந்து, முகவாயைத் தூக்கி, தலைக்குப் பின்னாடியிலேர்ந்து பாட்டிலைக் கொண்டு வாங்க. முடிஞ்ச கையோட தின்ன ஏதாவது கொடுங்க.

யீஷூன்_தையல்காரி:

ஆறு வாரம் கழிச்சு எழுதுறேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

தீபாவளி முடிஞ்ச மறு வாரம் எடுத்தாச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னிக்கு முகம் வீங்கிக் கிடந்ததைப் பார்த்து நான்தான் அழுதேன், அவன் அழலை. அஞ்சாம் நாள் தட்டை நக்கித் தள்ளிக்கிட்டே அடுப்படி வரைக்கும் வந்துட்டான். டைகரப்பா சொன்னது அப்படியே. இடது பக்கமா யார் போனாலும் திடுக்கிடுறான், அதனால பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டுத்தான் கிட்ட போறோம். மெஷினை இருந்த இடத்தை விட்டு நகர்த்தலை. கண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பினோம், வடிகால் பிறவிக் கோளாறுதான்னு வந்துச்சு. வலது கண்ணு 16. அதுக்கு நாளைக்கு ரெண்டு தடவை சொட்டு. லென்ஸ் பத்திக் கேட்டேன். முதல் நாளே பார்த்துட்டோம்னு சிரிச்சாங்க.

தம்பி, நீங்க கேட்டதுக்குப் பதில்: அந்தப் பொத்தான் பரிசோதனையை ஒன்றரை வருஷமா செய்யலை. கோவிலுக்குப் போற நாள்னு ஒரு தடவை, ஆர்டர்னு ஒரு தடவை, ரெண்டு முறை தேதியைத் தள்ளினேன். இப்போ செஞ்சாச்சு. வலது கண்ணுல மூக்குப் பக்கம் முன்னே இருந்த கறுப்புத் திட்டு கொஞ்சம் பெரிசாயிருக்கு. டாக்டர் ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினார். ரவிக்கைத் துணியில எண்ணெய்க் கறை பரவின மாதிரி இருந்துச்சு. போனது திரும்பாதாம். ஜனவரியில லேசர், சொட்டையும் நிறுத்தக் கூடாதுன்னுட்டார். அக்காவும் கடிதம் வாங்கிட்டாங்க, இன்னும் தேதி வரலை.

முருகேசு அண்ணன், நந்தியாவட்டையைச் சாமிக்கு வெச்சுட்டேன். நீங்க அந்தப் பாட்டிலைக் காட்டினீங்களா?

பூனைக்கார அம்மா சொன்ன மாதிரி லட்டுவுக்கு மருந்து விட்டதும் வெந்த கோழித் துண்டு ஒண்ணு கொடுக்கப் போய், இப்போ ராத்திரி ஒன்பதரைக்கு அவனே ஃப்ரிட்ஜ் முன்னாடி உட்கார்ந்துக்கிறான். ரெண்டு பாட்டிலும் ஒரே தட்டுலதான் இருக்கு. அவனுக்கு விட்டுட்டு நான் படுத்தா எழுப்புறான், எனக்கு விட்டாலும் தனக்கு இன்னொரு துண்டு உண்டுன்னு கண்டுபிடிச்சுட்டான். இந்த மாசம் என் வரிசையில ஒரே ஒரு ஓட்டை. அன்னிக்குக் கோழி தீர்ந்து போச்சு.