கோல்கொண்டா கோட்டையில் உங்களுக்கு நடந்தது என்ன?

வெயில்பிரியன்:
கைதட்டல் விஷயம் எல்லாருக்கும் தெரியும். கீழே நுழைவாயிலான ஃபதே தர்வாசாவில் தட்டினால் சுமார் 1 கிலோமீட்டர் தள்ளி, மேலே உச்சி மண்டபமான பாலா ஹிசாரில் கேட்கும். ஆனால் கீழே வருகிற அத்தனை பேரும் தட்டுகிறார்களே, எது யாருடையது? அதனால் மனைவியிடம், "மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி இரண்டு" என்று சொல்லிவிட்டு ஏறினேன். மேலே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறேன், கேட்டது. மூன்று. அப்புறம் இரண்டு. அத்தனை தெளிவாக! இறங்கி வந்தால், "நான் எங்கே தட்டினேன்? காவலாளி நிற்கவே விடலையே" என்கிறாள்.

கல்லுப்பட்டி:
யாராவது பொடியன் தட்டியிருப்பான், சார். எனக்கு லேசாக 'டப்' என்றது, அவ்வளவுதான். இவ்வளவு கேட்கிற கோட்டையில், 1687-ல் உள்ளேயிருந்தே ஔரங்கசீப் படைக்குக் கதவைத் திறந்துவிட்டார்களே, அது மட்டும் கேட்கவில்லையா? போகிறவர்கள் கவனிக்க: காலையில் திறந்ததும் போய்விடுங்கள், உச்சி வெயிலில் கருங்கல் கொதிக்கும். படிகள் ஒரே உயரத்தில் இல்லை, ஷூ போடுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். ஒலி-ஒளிக் காட்சிக்கு இருந்தால் கொசுவுக்கு ஏதாவது பூசிக்கொள்ளுங்கள். ராமபக்தர் ராமதாஸ் இருந்த சிறை வெறும் இருட்டறை, விட்டுவிடலாம். போனாலு அம்மன் திருவிழா ஞாயிறுகளில் அந்தப் பக்கமே போகாதீர்கள், கூட்டம்.

தேன்மொழி_க:
போனாலுவை விட்டுவிட்டு அங்கே என்னத்தைப் பார்ப்பது? பெண்கள் வேப்பிலை கட்டிய பானையைத் தலையில் வைத்து, மேலே விளக்கு எரிய, ஜகதாம்பா கோயிலுக்கு அந்தப் படிகளில்தான் ஏறுகிறார்கள். உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, அம்மனின் தம்பியாக வேஷம் கட்டிய போத்தராஜு ஒருவர் சலங்கை அவிழ்ந்துவிட்டதென்று சாட்டையை என் கையில் திணித்துவிட்டுக் குனிந்தார். நல்ல கனம். அதற்குள் ஓர் அம்மா குழந்தையை என் முன்னால் நிறுத்தி, தலையில் சாட்டையைத் தொட்டு வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். வைத்துவிட்டேன்! வேறென்ன செய்ய?

பழையசோறு:
@கல்லுப்பட்டி, இருட்டறையா? பத்ராசலம் கோயிலை அரசாங்க வரிப்பணத்தில் கட்டியதற்காக கோல்கொண்டா சுல்தான் தானா ஷா ராமதாஸை 12 வருஷம் அடைத்து வைத்த இடம். சுவரில் அனுமார் சிற்பத்தைப் பார்த்தீர்களா, இல்லையா? நாங்கள் போனபோது வழிகாட்டி, ராமரே வந்து பாக்கியைக் கட்டிய கதையை உருகி உருகிச் சொன்னார். பள்ளிக்கூடப் பையன் ஒருவன், "12 வருஷம் கழிச்சு ஏன் கட்டினார்?" என்றான். போன பிறவியில் ராமதாஸ் ஒரு கிளியை 12 வருஷம் கூண்டில் வைத்திருந்தாராம், அந்தப் பாவம் என்றார். பையன் விடவில்லை: "அந்தக் கிளிக்கு யார் பணம் கட்டினாங்க?"

வழிகாட்டி அடுத்த மண்டபத்துக்கு நடையைக் கட்டினார்.