ஹார்ப்பும் வில் வாத்தியங்களும் மட்டும் சேரும் படைப்புகள்: எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி:
இசையமைப்பாளர் மாலரின் ஐந்தாம் சிம்பொனியில் (முழு இசைக்குழுவுக்கான நீண்ட படைப்பு) நான்காவதாக வரும் அடாஜியெட்டோ என்ற மெதுவான பகுதியைச் சில வாரங்களாக இரவுதோறும் கேட்டு வருகிறேன். அதுவரை முழங்கிய ஊதுகருவிகளும் தாளக்கருவிகளும் ஓய்ந்துவிட, வில்லால் வாசிக்கும் வயலின் குடும்பமும், விரல்களால் நரம்புகளை மீட்டும் ஹார்ப்பும் மட்டுமே அங்கு இசைக்கின்றன. நடுப்பகுதியில் ஹார்ப் மௌனமாகி, முதல் மெட்டு திரும்பும்போது மீண்டும் வந்து சேர்கிறது. அது இத்தனை நேரம் இல்லாமல் இருந்தது என்பதையே அப்போதுதான் உணர்ந்தேன். இந்த இரண்டு ஒலிகளும் இவ்வளவு பொருந்துவது ஏன்? இதே சேர்க்கையில் அமைந்த வேறு படைப்புகள் எவை?

மறுமொழி 1:
ஹார்ப்பில் மீட்டிய சுரம் பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது. வில் போட்டு எழுப்பும் சுரத்தையோ வேண்டிய அளவு நீட்டவும் வளர்க்கவும் முடியும். ஒன்று தொடங்கி வைப்பதை மற்றொன்று ஏந்திச் செல்வதால்தான் அந்தப் பொருத்தம் கிடைக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் வில் வாத்தியங்கள் சற்று ஓங்கினாலும் ஹார்ப் மூழ்கிவிடும். ஹேண்டல் 1736-இல் ஹார்ப்புக்காக எழுதிய பி பிளாட் மேஜர் கான்செர்ட்டோவில் (தனிக்கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வயலின்களின் ஒலியை அடக்கி, கீழ்க்கட்டைக் கருவிகளை வில்லின்றி விரலால் மீட்டச் செய்திருப்பது இதற்காகத்தான். அதில் குழல்களும் உண்டு என்பதால் நீங்கள் கேட்ட வகைக்குள் முழுமையாக அடங்காது. ஆனாலும் அவசியம் கேளுங்கள்.

மறுமொழி 2:
நான் டெபுஸ்ஸி 1904-இல் எழுதிய இரு நடனங்களிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒன்று புனித நடனம், மற்றது உலகியல் நடனம். ஹார்ப்பும் வில் வாத்தியக் குழுவும் மட்டுமே, இடைவெளியின்றி இரண்டையும் வாசிக்கின்றன. தொடக்கத்தில் வில் வாத்தியங்கள் ஒரே மெட்டை வெவ்வேறு ஸ்தாயிகளில் மெல்ல இசைத்து நிற்க, ஹார்ப் கொத்துக் கொத்தான சுரங்களுடன் நுழையும் இடத்தைக் கவனியுங்கள்.

இதன் பின்னணியில் இரண்டு பாரிஸ் நிறுவனங்களின் போட்டி இருக்கிறது. வழக்கமான ஹார்ப்பில் 47 நரம்புகளும் 7 பெடல்களும் உண்டு. ஒரு சுரத்துக்கு ஒரு பெடல். அதை ஒரு படி அழுத்தினால் அந்தச் சுரத்தின் நரம்புகள் எல்லா ஸ்தாயிகளிலும் அரைச்சுரம் ஏறும், இன்னொரு படி அழுத்தினால் மேலும் அரைச்சுரம் ஏறும். செபாஸ்தியான் எரார் 1810-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பிளேயெல் நிறுவனமோ பெடலே இல்லாமல், பன்னிரண்டு சுரஸ்தானங்களுக்கும் தனித்தனி நரம்பு கொண்ட, இரண்டு வரிசைகள் குறுக்காகப் பின்னிய ஹார்ப்பைச் செய்து, அதற்காக டெபுஸ்ஸியிடம் இந்த நடனங்களைக் கேட்டு வாங்கியது. எரார் நிறுவனம் விட்டுக்கொடுக்கவில்லை. பெடல் ஹார்ப்பின் பெருமையைக் காட்ட ராவெலை அணுகியது. 1905-இல் அவர் எழுதிய 'அறிமுகமும் அலெக்ரோவும்' என்ற படைப்பு அப்படிப் பிறந்ததே. பிளேயெலின் ஹார்ப் காலப்போக்கில் வழக்கொழிந்தது. டெபுஸ்ஸியின் நடனங்களை இன்று பெடல் ஹார்ப்பிலேயே வாசிக்கிறார்கள்.

ஹார்ப்பை யாழ் என்று மொழிபெயர்க்காதது நல்லது. நம் பழைய வில்யாழுக்கு, முன்பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் தண்டு இல்லை. ஹார்ப்பிலோ பெடல்களின் இயக்கத்தை மேலே கொண்டுசெல்லும் கம்பிகள் அந்தத் தண்டுக்குள்தான் ஓடுகின்றன.

மறுமொழி 3:
ராவெலின் படைப்பில் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் இருப்பதால், கேட்டவருக்கு அது இரண்டாம் நிலைதான். அதைவிட, ஆந்த்ரே காப்லே ஹார்ப்புக்கும் வில் வாத்திய நால்வர் குழுவுக்கும் எழுதிய 'கற்பனைக் கதை' என்ற படைப்பைக் கேளுங்கள். கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கோட்டைக்குள் அடைந்து விருந்தாடும் ஓர் இளவரசனைப் பற்றிய எட்கர் ஆலன் போவின் கதையே அதற்குக் கரு. ஹார்ப் அதில் கடிகார மணியாக ஒலிக்கிறது. வாசிப்பவர் அதன் மரப்பலகையைக் கையால் தட்டும் இடமும் உண்டு. ஹார்ப் என்றாலே தேவலோக இசை என்று நினைப்பவர்களின் எண்ணத்தை அது அடியோடு மாற்றிவிடும். அமைதியானது வேண்டுமென்றால், வாகன் வில்லியம்ஸ் 1939-இல் நாட்டுப்புற மெட்டு ஒன்றின் ஐந்து வடிவங்களைக் கோத்து எழுதியது இருக்கிறது.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு டெபுஸ்ஸியை மூன்று முறை கேட்டேன். இரண்டாவது நடனம் தொடங்கும்போது ஹார்ப்பின் இடக்கைச் சுரங்கள் தனித்துத் தெளிவாகக் கேட்கின்றன. வில் வாத்தியங்கள் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதும் இப்போது புரிகிறது. இன்று காப்லே.