ஒயிட் க்ரோ படம்: ரஷ்ய வசனத்துக்கு சப்டைட்டில் வரவில்லை, அவசரம்

நிலா07: பாலே நடனக்காரர் நூரியேவ் பற்றிய ஒயிட் க்ரோ (2018). பாரிஸ் காட்சிகளில் ஆங்கிலம் பேசும்வரை பிரச்சினை இல்லை. லெனின்கிராட் வந்ததும் போச்சு. ரால்ஃப் ஃபைன்ஸ் நடன ஆசிரியர் புஷ்கினாக வந்து தணிந்த குரலில் ரஷ்யன் பேசுகிறார், கீழே ஒரு எழுத்து இல்லை. நாளை சாயங்காலம் நண்பர்கள் பார்க்க வருகிறார்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

வடபழனிவாசி: எதில் பார்க்கிறீர்கள்? டிவியா, லேப்டாப்பா? டிஸ்க்கா, ஃபைலா?

ரீல்ராஜா: ஃப்ரேம் ரேட் (வினாடிக்கு எத்தனை ஃப்ரேம்) கோளாறு, சந்தேகமே வேண்டாம். படம் 25, சப்டைட்டில் 23.976 என்று இருக்கும். விஎல்சி பிளேயரில் ஜி, எச் தட்டி சப்டைட்டில் நேரத்தை நகர்த்திப் பாருங்கள்.

வடபழனிவாசி: ஃப்ரேம் ரேட் ஒத்துப்போகாவிட்டால் சப்டைட்டில் போகப்போகத் தள்ளி வரும். வராமலே போகாது.

பழையபெட்டி: தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் வழக்கமே ஒழிந்துவிட்டது. என்ன ஃபைல் என்றுகூடச் சொல்லாவிட்டால் நாங்கள் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

கயல்: தூதரகத்தில் பிடித்து வைப்பார்களே, அந்தப் படமா?

ரீல்ராஜா: அது சீன நடனக்காரர் லி சுன்ஷின் கதை, 1981, ஹூஸ்டன். இது 1961 ஜூன் 16, பாரிஸ் லெ பூர்ஜே விமான நிலையம். நூரியேவின் கிரோவ் பாலே குழு லண்டன் கிளம்புகிறது, இவரை மட்டும் மாஸ்கோவுக்குத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். இவர் பிரெஞ்சு போலீசிடம் போய் அரசியல் புகலிடம் கேட்கிறார்.

கயல்: அரசியலா? அந்த மனிதருக்கு அதில் அக்கறையே கிடையாது. எதை ஆடுவது, யாரோடு பழகுவது என்பதை இன்னொருவர் முடிவுசெய்வது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். லூவ்ரில் ஜெரிகோவின் ஓவியத்துக்கு முன்னால் நிற்கிறாரே, படமே அந்தக் காட்சியில்தான் இருக்கிறது.

ரீல்ராஜா: சோவியத்தில் அதற்குப் பேர்தான் அரசியல். ஆள் இல்லாமலே வழக்கு நடத்தித் தண்டனை கொடுத்தார்கள். அம்மாவைப் பார்க்க 1987 வரை ஊருக்குள் விடவில்லை.

நிலா07: டிவி. பென்டிரைவ். என் டிஸ்க்கிலிருந்து எடுத்த எம்கேவி வீடியோ ஃபைல். லேப்டாப்பில் சப்டைட்டில் வருகிறது.

வடபழனிவாசி: அப்படிச் சொல்லுங்கள்! டிஸ்க்கில் சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, இமேஜாக இருக்கும். பல டிவிகள் அதைக் காட்டாது. சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் எஸ்ஆர்டி (எழுத்தாகவே இருக்கும் சப்டைட்டில் ஃபைல்) ஆக மாற்றுங்கள். படத்துக்கு என்ன பெயரோ அதே பெயர் வைத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். மாற்றும்போது சில எழுத்துகள் தப்பாக விழும், ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பழையபெட்டி: நான் முதலிலேயே சொன்னதுதான்.

வடபழனிவாசி: எங்கே ஐயா சொன்னீர்கள்? ஜோசியம் என்றீர்கள்.

நிலா07: வந்துவிட்டது, நன்றி.

வடபழனிவாசி: எஸ்ஆர்டி போட்டதில் வந்ததா? அடுத்து வருகிறவர்களுக்கு உதவும், சொல்லிவிட்டுப் போங்கள்.

கயல்: ரீல்ராஜா, புகலிடம் கேட்டு ஒரே வாரத்தில், ஜூன் 23 அன்று, பாரிஸிலேயே இன்னொரு குழுவோடு ஸ்லீப்பிங் பியூட்டி ஆடினார். அரசியல்காரர் செய்கிற காரியமா அது?