மாசி முடியுததுக்குள்ள மாடியில பசுமைக்குடில் போடலாமா?

பாளை மாடிவீடு:
எல்லாருக்கும் வணக்கம். போன தையில வேலையில இருந்து ஓய்வு வாங்கியாச்சு. வீடு பாளையங்கோட்டை. மாடி இருபதுக்கு முப்பது அடி இருக்கும், தெக்கயும் மேக்கயும் ஒரு மறைப்பும் கிடையாது. மகன் கனடாவுல கால்கரியில இருக்கான். வீட்டுக்குப் பின்னாடி பாலிகார்பனேட் தகட்டுல ஒரு பசுமைக்குடில் கட்டி, மார்ச்சுலயே உள்ள தக்காளி நாத்து போட்டு, ஜூன்ல வெளிய எடுத்து நடுதான். வீடியோவுல பாத்ததுல இருந்து எனக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும்னு இருக்கு. இங்க ஒரு பட்டறையில கேட்டதுக்கு, பைப் வளைச்சு நாலு பக்கமும் பாலிதீன் தாள் போட்டு மூடித் தாரோம்னாங்க. மாசிக்குள்ள முடிச்சிட்டா பங்குனியில தக்காளி, குடைமிளகாய், பீன்ஸ் வச்சிரலாம்னு ஒரு கணக்கு. சரியா வருமா? தண்ணி ரெண்டு உண்டு. ஆத்துத்தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். போர் தண்ணி உப்பு.

வள்ளியூர் காத்து:
அண்ணாச்சி, அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா? குடுக்கலைன்னா அப்படியே நிறுத்துங்க. ஆரல்வாய்மொழி கணவாய் வழியா ஆனி ஆடியில வருத காத்தை நம்பித்தான் முப்பந்தல்ல இருந்து இங்க வரைக்கும் காத்தாடி நட்டு வச்சிருக்கான். உங்களுக்கு அவ்வளவு வேகம் இருக்காதுதான், ஆனா மொட்டை மாடியில நாலு பக்கமும் அடைச்ச தாள்னா அது பாய்மரம். கூடாரத்தோட பைப்பும் பேந்து பக்கத்து வீட்டு மேல போய் விழும். மிச்சத்தை அக்கா வந்து சொல்லுவாங்க, அவங்கதான் இதுல ஆளு.

ஆத்தங்கரை அக்கா, கல்லிடைக்குறிச்சி:
தம்பி, மகன் செய்யுதது அவன் ஊருக்கு ரொம்பச் சரி. கால்கரியில மே கடைசி வரைக்கும்கூட உறைபனி விழும். அதனால வெயிலைப் பிடிச்சு உள்ள அடைக்க அவனுக்கு ஒரு கூண்டு வேணும். நமக்கு என்ன குளிர் இருக்கு? எங்க தெருவுல மாடிக்கு மாடி அப்பளம் காயுது. அந்த வெயில்ல நாலு பக்கமும் பாலிதீனைப் போட்டு மூடினா, வெளிய 38 டிகிரின்னா உள்ள 45-ஐத் தாண்டும். செடி இலையோட வெந்துரும்.

நமக்கு வேண்டியது நிழல்வலை. 50 சதவீத வலை, அதாவது பாதி வெயிலைத் தடுக்குதது வாங்குங்க. கடைக்காரர் 75 சதவீதத்தை எடுத்துப் போடுவார், அது ஆர்க்கிட், அழகுச்செடி வைக்கிறவங்களுக்கு. அதுக்குக் கீழ வெண்டை நெட்டையா வளரும், காய்க்காது. தலைக்கு மேல மட்டும் கட்டுங்க, எட்டு அடி உயரம் இருக்கட்டும். மேக்க ஓரத்துல பிற்பகல் வெயிலுக்கு ஒரு திரை மாதிரி இறக்கி விட்டா போதும். மத்த பக்கம் திறந்தே கிடக்கட்டும். காத்துக்காக மட்டும் சொல்லலை. அடைச்சா தேனீ வராது. சுரை, பூசணி, வெள்ளரியில ஆண் பூ வேற, பெண் பூ வேற. பெண் பூவுக்குக் கீழயே ஒரு குட்டிக் காய் ஒட்டியிருக்கும். மகரந்தம் படலைன்னா அது மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்துரும். உரம் பத்தலைன்னு நினைச்சு மேல மேல உரத்தைக் கொட்டுத ஆளுங்க நிறைய. பூசணி, வெள்ளரி காலையில பூக்கும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம்தான் விரியும். பூச்சி நடமாட்டம் இல்லைன்னா விளக்கு வைக்கிற நேரத்துல மாடிக்குப் போய், ஒரு ஆண் பூவைப் பறிச்சு, இதழைப் பிச்சுட்டு, பெண் பூவோட நடுவுல லேசாத் தொட்டு விடுங்க.

இப்ப என்ன வைக்கலாம்னா வெண்டை, கொத்தவரை, சுரை, புடலை, வெள்ளரி, தண்டுக்கீரை. வெயில்ல பிறந்த சாதி இதெல்லாம். சிறுகீரை இருபத்தஞ்சு நாள்ல பறிக்கலாம், வெண்டை நாப்பத்தஞ்சு நாள்ல பிஞ்சு விடும். முதல் முதலாப் போடுத ஆளுக்கு சீக்கிரம் ஏதாவது கையில வரணும், இல்லைன்னா அலுத்துரும். கத்திரிக்கும் இடம் விடுங்க. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி வெளியிட்ட கேகேஎம் 1 வெள்ளைக் கத்திரி, கொத்துக் கொத்தா முட்டை மாதிரி காய்க்கும். கூட்டாஞ்சோத்துக்கு அதுதான் ருசி, நீலக் கத்திரியை நான் ஒத்துக்க மாட்டேன்.

தக்காளி இப்ப வேண்டாம். மாசியில விதைச்சா சித்திரையில பூக்கும். பகல் 35-க்கு மேல போய் ராத்திரியும் சூடு இறங்கலைன்னா மகரந்தம் கெட்டுப் போகும். செடி பச்சையா நிக்கும், பூ மட்டும் காம்போட கொட்டும். மே மாசம் கத்திரி வெயில் முடிஞ்சு ஆனியில நாத்துப் போடுங்க. பீன்ஸ், குடைமிளகாய் ரெண்டையும் ஐப்பசிக்கு மேல பாத்துக்கிடலாம். பீன்ஸுக்கு வெயிலும் ஆகாது, உப்புத்தண்ணி அறவே ஆகாது.

பாளை மாடிவீடு:
அக்கா, பட்டறைக்காரர்ட்ட பாலிதீன் வேண்டாம்னு சொல்லிட்டேன். முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டார். பைப்பை மட்டும் வாங்கிக்கிடுதேன். ரெண்டு சந்தேகம். உப்புத்தண்ணிக்கு என்ன செய்ய? பையில மண்ணு என்ன கலவை?

ஆத்தங்கரை அக்கா, கல்லிடைக்குறிச்சி:
ஆத்துத்தண்ணி வருத அன்னைக்கு ஒரு டிரம்முல பிடிச்சு வச்சு, அதையே ஊத்துங்க. போர் தண்ணிதான் கதின்னா வாரம் ஒரு தடவை ஆத்துத்தண்ணியை பைக்கு அடியில வழியுத அளவுக்கு நிறைய விட்டு உப்பைக் கழுவி இறக்கணும். மண்ணு மேல வெள்ளை பூத்து, இலை ஓரம் கருகினா உப்பு ஏறிட்டுன்னு அர்த்தம்.

செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மக்கின சாணியோ மண்புழு உரமோ ஒரு பங்கு. நார்த்தூள் கட்டியை ஊறப்போட்டு தண்ணியை ரெண்டு மூணு தடவை மாத்திப் பிழிஞ்சு எடுங்க, அதுலயும் உப்பு இருக்கும். கீழ ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. பையைத் தரையில வைக்காம செங்கல் மேல தூக்கி வைங்க, தளம் ஓதம் ஏறாது. கனமான பையெல்லாம் சுவத்து ஓரமா, உத்தரம் போற இடமாப் பாத்து. பையோட மேல்மண்ணை வைக்கோலால மூடிருங்க. இப்ப பிசான நெல் அறுப்பு நேரம், வைக்கோலுக்கா பஞ்சம்?

வள்ளியூர் காத்து:
வலையை வருசம் பூரா விட்டுராதீங்க அண்ணாச்சி. வைகாசி கடைசியில, காத்து எழும்புததுக்கு முன்னாடியே அவுத்துச் சுருட்டி வச்சிரணும். அப்ப குத்தாலத்துச் சாரல் மேகம் இங்கிட்டும் வந்து மூடும், வெயில் தணிஞ்சிரும். கம்பி வச்சு இறுக்காம கொக்கியில மாட்டுத மாதிரி செய்யச் சொல்லுங்க. வெண்டை இலை நரம்பு மஞ்சளாப் பின்னின மாதிரி தெரிஞ்சா வெள்ளை ஈ கொண்டு வருத வைரஸ். மருந்து கிடையாது, பிடுங்கி எறியணும். ஈ அண்டாம இருக்க வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணியில கலந்து பொழுது சாஞ்சதும் அடிங்க. மத்தியான வெயில்ல அடிச்சா இலை பொசுங்கும்.

பாளை மாடிவீடு:
சரிங்க. மேலச்செவல் பக்கம் வைக்கோல் எடுத்துக் குடுக்குதவங்க யாராவது இருந்தா தனிச்செய்தியில சொல்லுங்க. ஒரு கட்டு போதும்.