பெல்ட் மேக்னம் ரைபிளும் நீளும் பித்தளையும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

போஸ்மன், மொன்டானா

நவம்பர் முதல் வாரம். கேலட்டின் மலைச்சரிவில் முழங்கால் அளவுக்குப் பனி. நானும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் விடியுமுன்பே ஏறிப்போய் ஒரு பாறை மறைவில் உட்கார்ந்திருந்தோம். ஏழரை மணி வாக்கில் பெண் எல்க் மான் ஒன்று மரங்களை விட்டு வெளியே வந்தது. 180 கஜம் இருக்கும். சுட்டேன். குண்டு சற்றுப் பின்தள்ளி விழுந்தது எனக்கே தெரிந்தது. மான் நாலடி நடந்து நின்றுவிட்டது.

உடனே இரண்டாவது தோட்டா போக வேண்டும். குழலின் பின்வாயைப் பூட்டும் போல்ட்டை இழுத்தேன், வழக்கம்போல் வந்தது. தள்ளினேன், முக்கால்வாசியில் முட்டி நின்றது. மறுபடி இழுத்துத் தள்ளினேன், அதே இடம். கீழே பனியில் பார்த்தால் கால் அங்குல உயரத்தில் ஒரு பித்தளைத் துண்டு கிடக்கிறது. தோட்டாவின் அடிப்பகுதி மட்டும், அதைச் சுற்றியுள்ள தடித்த வளையமான பெல்ட்டோடு. அறுபட்ட ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல் வட்டமாகப் பளபளத்தது. மீதி கேஸ், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூடு, முழுவதும் சேம்பருக்குள் (குழலில் தோட்டா உட்காரும் அறைக்குள்) ஒட்டிக்கொண்டு இருந்தது. பெரியவர் தன் ரைபிளை எடுத்துச் சுட்டு அந்த மானை முடித்துவைத்தார். அதற்குள் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷம் அது தலையைத் தொங்கப் போட்டபடி நின்றது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கண்ணாடி போட்டிருந்ததால் தப்பித்தேன். வலது கண்ணாடியில் பொடிப்பொடியாய் எண்ணெய்த் துளி, கருப்பாக.

ரைபிள் .300 வின்செஸ்டர் மேக்னம். தோட்டா நானே வீட்டில் நிரப்பியது. ஊரில் துப்பாக்கி பழுது பார்ப்பவர் இறுக்கமான வெண்கலத் தூரிகையைப் பின்பக்கமாகச் செருகி, குழல் வாய் வழியாகக் கம்பி விட்டுத் தள்ளினார். ஒட்டிக்கிடந்த துண்டு தூரிகையோடு வந்துவிட்டது. சேம்பருக்குச் சேதம் இல்லை. நான் முதலில் வெடிமருந்து அதிகமாகிவிட்டதோ என்றுதான் பயந்தேன். அப்படியென்றால் கேஸின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாகியிருக்கும். பார்த்தால் தட்டையாகவே இல்லை. அளவும் நிரப்புக் கையேட்டில் உள்ளதன் நடுவில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து அதே பெட்டியில் மீதியிருந்த 19 கேஸ்களையும் எடுத்து வைத்தேன். எல்லாம் ஐந்து தடவை சுட்டவை. சட்டை ஊக்கு ஒன்றை நிமிர்த்தி, நுனியை மட்டும் மில்லிமீட்டர் அளவு மடக்கி, கூராகத் தேய்த்துக்கொண்டேன். கேஸின் கழுத்து வழியாக உள்ளே விட்டு, அடித்தளத்திலிருந்து சுவரை உரசியபடி மெல்ல மேலே இழுத்தேன். பெல்ட்டுக்குச் சற்று மேலே வந்ததும் நுனி ஓரிடத்தில் டக்கென்று இறங்கி மாட்டியது. உள்ளே சுற்றிலும் பள்ளம். 19-ல் 7 கேஸில் அந்தப் பள்ளம் இருந்தது. ஒன்றை ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்த்தேன். கீழே தடித்த சுவர், மேலே போகப்போக ஒரே சீராக மெலிகிற சுவர், நடுவில் மட்டும் எலி கடித்ததுபோல் குழி. அங்கே காகிதக் கனம்தான் பித்தளை மிச்சம்.

காரணம் என் டை, சுட்ட கேஸை மறுபடி நிரப்புமுன் அழுத்திச் சுருக்கும் அச்சு. கூட வந்த தாளில் சொன்னபடி, கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை இறக்கி, இன்னும் கால் சுற்று இறக்கிப் பூட்டியிருந்தேன். வேறு யாருக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

ஹூஸ்டன், டெக்சாஸ்

தம்பி, கண் தப்பியதே பெரிது. கோயம்புத்தூரில் 14 வருஷம் லேத்தில் நின்றவன் நான், எனக்கு இது தௌ கணக்கில்தான் புரியும். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ.

ஹெட்ஸ்பேஸ் என்பது, பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா சேம்பருக்குள் முட்டி நிற்கிற இடத்துக்கும் நடுவே உள்ள அளவு. பெல்ட் தோட்டாவில் முட்டுகிற இடம் அந்தப் பெல்ட்டின் முன் விளிம்பு. அமெரிக்கத் தரப்படி சேம்பரில் அந்த இடம் 220 தௌவிலிருந்து 227 தௌ வரை இருக்கலாம். தோட்டாவின் பெல்ட் 212-லிருந்து 220 வரை இருக்கலாம். மோசமான ஜோடி சேர்ந்தால் 15 தௌ ஆட்டம். லேத்தில் இப்படி ஒரு புஷ்ஷைச் செய்து கொடுத்திருந்தால் மேஸ்திரி என் கையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பார்.

அது பெல்ட்டுக்கு உள்ள ஆட்டம் மட்டும்தான். தோள், அதாவது கேஸின் உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு, எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் கெடுபிடி வைப்பதில்லை. பெல்ட் தாங்குகிறது என்பதால் கம்பெனித் தோட்டாக்களில் தோளைத் தாராளமாகப் பின்னுக்கு வைத்துவிடுகிறார்கள். என்னுடைய 7 எம்எம் ரெமிங்டன் மேக்னத்தில் புதுக் கேஸை அளந்து, சுட்டபிறகு மறுபடி அளந்தேன். தோள் 21 தௌ முன்னால் போயிருந்தது.

சுடும்போது நடப்பது இதுதான். போல்ட்டுக்குள் இருக்கும் ஃபயரிங் பின் என்ற ஊசி பிரைமரை அடித்ததும் கேஸ் முன்னால் போய் நிற்கிறது. மருந்து எரிந்து அழுத்தம் ஏறும்போது முன்பக்கத்து மெல்லிய சுவர் முதலில் உப்பி, சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. அடிப்பகுதி தடித்தது, உப்பாது. அதைப் பிடிக்க ஆளில்லை, பின்னால் போய் போல்ட்டில் மோதுகிறது. முன்பாதி நகராது, பின்பாதி நகர்கிறது என்றால் நடுவில் உள்ள பித்தளைதான் இழுபட வேண்டும். தடித்த சுவர் மெலிகிற அந்த இடம், பெல்ட்டுக்குச் சற்று மேலே. உங்கள் ஊக்கு மாட்டிய இடமும் அதுவே. நீங்கள் டையைக் கால் சுற்று கூடுதலாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் தோளைத் திரும்பப் பின்னுக்குத் தள்ளினீர்கள். ஒவ்வொரு சூட்டிலும் அது திரும்ப முன்னால் போனது. ஐந்தாவது தடவை இழுக்கப் பித்தளை இல்லை.

பெல்ட்டின் மேலும் கோபப்பட வேண்டாம். 1912-ல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .375 மேக்னம் கொண்டுவந்தபோது மருந்து என்பது கார்டைட், நூடுல்ஸ்போல் நீளநீளக் குச்சிகள். கேஸ் நீளமாக, கூம்பலாக, தோள் மெல்லச் சரிவதாக இருந்தது. அந்தச் சரிவில் முட்டி நிற்க வைப்பது நம்பகமில்லை, ஆகவே பெல்ட். ஆனைக்கும் காட்டெருமைக்கும் எதிரே நிற்பவனுக்கு எந்தத் தோட்டாவும் தடங்கலின்றி உள்ளே போவதுதான் முக்கியம், அதற்கு அது சரியான யோசனை. 1958-ல் .338-க்கும், 1962-ல் 7 எம்எம்முக்கும், 1963-ல் உங்கள் .300-க்கும் நல்ல செங்குத்தான தோள் வந்துவிட்டது. பெல்ட் மட்டும் பரம்பரைச் சொத்துபோல் கூடவே வந்தது. .300 பிஆர்சி மாதிரியான புதிய மேக்னங்களில் பெல்ட்டையே எடுத்துவிட்டார்கள்.

கால்கரி

அண்ணை, எனக்கு அறுந்து போகேல்ல, ஆனா அறியாமல் நட்டப்பட்ட கதை இருக்கு. என்ர 7 எம்எம் மேக்னம் கோதுகளில (நீங்கள் கேஸ் எண்டு சொல்லுறது) பெல்ட்டுக்கு மேல மினுங்கிற வளையம் ஒண்டைக் கண்டன். படத்தில பார்த்த ஆபத்து வளையம் இதுதான் எண்டு நினைச்சு 40 கோதை ஒரேயடியா எறிஞ்சுபோட்டன். அடுத்த பெட்டியிலயும் அதே வளையம். பிறகுதான் விளங்கிச்சு, அது டை இறங்கி நிண்ட இடம். டை பெல்ட் வரைக்கும் போகாது, அதுக்கு மேல ஒரு சின்ன வீக்கம் மிஞ்சும், அதின்ர விளிம்புதான் மினுங்கினது. வெளியில பாத்துத் தீர்ப்புச் சொல்லேலாது. உள்ளுக்கு ஊக்கு விட்டுப் பாக்க வேணும்.

நான் கவனியாமல் விட்ட உண்மையான அடையாளம் வேற. ஒவ்வொரு முறையும் கோதின்ர கழுத்து வளர்ந்து, வெட்டிக் குறைக்க வேண்டி இருந்தது. வெட்டிக்கொண்டே இருந்தன். அந்தப் பித்தளை எங்கயிருந்து வருது எண்டு ஒருநாளும் யோசிக்கேல்ல.

இப்ப அந்த வீக்கத்தால போல்ட் பூட்ட இறுக்கமா இருக்கு. டையை இன்னும் இறக்கலாமோ?

ஹூஸ்டன், டெக்சாஸ்

வேண்டாம், தயவுசெய்து இறக்காதீர்கள். வீக்கம் பெல்ட்டுக்கு மேலே, நீங்கள் தள்ளப்போவது தோளை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. எது இடிக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கேஸ் முழுக்க மார்க்கர் பேனாவால் கருப்பு பூசி, போல்ட்டைப் பூட்டித் திறந்து, எங்கே மை உரிந்திருக்கிறது என்று பாருங்கள். தோளில் உரிந்தால் டையை மயிரிழை இறக்கலாம். பெல்ட்டுக்கு மேலே உரிந்தால் அந்த இடத்தை மட்டும் இறுக்குகிற காலட் டை தனியாக விற்கிறார்கள், அதுதான் வழி.

புதுக் கேஸ் வாங்குபவர்களுக்கு ஒன்று. அதிகமாக நீள்வது முதல் சூட்டில்தான். நான் .300-இன் புதுக் கேஸ் கழுத்தை .338 அளவுக்கு விரித்துவிட்டு, மேற்பகுதியை மட்டும் மறுபடி .30-க்குச் சுருக்குவேன். கழுத்தின் அடியில் சின்னதாக ஒரு பொய்த் தோள் நிற்கும். போல்ட் பூட்டும்போது லேசாகத் தட்டுப்படும் அளவுக்கு அதை வைத்தால், கேஸின் அடி போல்ட் முகத்தோடு ஒட்டி நிற்கும். பின்னால் ஓட இடமே இல்லை. முதல் சூட்டுக்கு மருந்தைக் கையேட்டின் ஆரம்ப அளவில் வைத்துக்கொள்ளுங்கள். டைக்குப் போட்ட எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடவும். எண்ணெய்ப் பசையோடு உள்ளே போனால் கேஸ் சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, முழு பாரமும் போல்ட்டில் விழும்.

போஸ்மன், மொன்டானா

அண்ணா, நீங்கள் சொன்னதை மூன்று மாதமாகச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும், சுட்ட கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிட்டேன். அப்போதுதான் கைக்கு உண்மை தெரிகிறது. சுட்ட கேஸைப் போட்டுப் பூட்டினால் கைப்பிடி பாதியில் நின்று அழுத்தம் கேட்கிறது. டையை ஷெல் ஹோல்டரிலிருந்து நன்றாக ஏற்றிவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் கேஸைப் போட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் கைப்பிடி தன் எடையிலேயே கீழே விழுந்தது. அந்தக் கேஸை தோள் அளக்கும் கேஜில் வைத்தேன், சுட்ட அளவிலிருந்து 2 தௌ குறைவு. அங்கேயே பூட்டிவிட்டேன். பழைய தாளின்படி இறக்கிய கேஸ் ஒன்று மிச்சம் இருந்தது. அதில் 13 தௌ குறைவு! ஐந்து தடவை, தடவைக்கு 13.

புதிதாக வாங்கிய 20 கேஸ் இப்போது ஆறாவது சூட்டைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு இருபதிலும் ஊக்கு விடுகிறேன். நுனி வழுக்கிக்கொண்டே மேலே வருகிறது, எங்கும் மாட்டவில்லை. கழுத்தை ஒரே ஒரு தடவைதான் வெட்டினேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் அதே .300 இருக்கிறது. என் கேஸ் அவர் ரைபிளில் பூட்டவே இல்லை, தோள் இடிக்கிறது. அவருடையது என்னுடையதில் தொளதொளவென்று இருக்கிறது. ஆகவே பெட்டிகளைத் தனித்தனியாக வைத்து, மூடியில் ரைபிளின் பெயரையும் எத்தனையாவது சூடு என்பதையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கால்கரி அண்ணா, மை எங்கே உரிந்தது என்று சொல்லவே இல்லையே?

கால்கரி

பெல்ட்டுக்கு மேல தம்பி. தோளில ஒரு கீறலும் இல்லை. காலட் டைக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்.