விண்டோஸ் ஹோமிலிருந்து ப்ரோவுக்கு மாறினால் பிட்லாக்கர் (டிரைவை என்க்ரிப்ட் செய்து பூட்டும் வசதி) என்ன ஆகும்?

லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஹோம், 24எச்2 வெர்ஷன், டிபிஎம் 2.0 (என்க்ரிப்ஷன் கீயைக் காக்கும் சிப்), 512 ஜிபி எஸ்எஸ்டி. வாடிக்கையாளர் கணக்குகள் உள்ளதால், ஆன் செய்ததும் விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே பின் நம்பர் கேட்க வேண்டும். இரண்டு நாளாக வழி தெரியவில்லை.

டிவைஸ் என்க்ரிப்ஷன் (ஹோமில் வரும் எளிய பிட்லாக்கர்) ஆனில்தான் இருக்கிறது. அதில் பின் நம்பர் வைக்க இடமே இல்லை. குரூப் பாலிசி எடிட்டர் (விண்டோஸின் விதிகளை மாற்றும் கருவி) தேடினேன், ஹோமில் கிடையாது. அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ்' கொடுத்தால் சி டிரைவ் 100 சதவீதம் என்க்ரிப்ட் ஆகியிருக்கிறது, முறை எக்ஸ்டிஎஸ்-ஏஇஎஸ் 128 என்கிறது. 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைத்தாயிற்று.

ப்ரோவில் வரும் டொமைன் (ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர்ப்பது), ஹைப்பர்-வி (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுவது) எதுவும் வேண்டாம். ப்ரோவுக்குக் காசு கொடுப்பதே இந்த பின் நம்பருக்காகத்தான்.

ப்ரோ கீ போட்ட பிறகு, இருக்கிற என்க்ரிப்ஷன் மேலேயே பின் நம்பர் சேர்க்கலாமா, இல்லை முழுசாக டிகிரிப்ட் செய்து மறுபடி தொடங்க வேண்டுமா?