புருவம் தூக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், நான் தொடங்குகிறேன்

எனக்கு 56 வயது, ஊர் கோயம்புத்தூர். ஆபரேஷன் முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. போவதற்கு முன்னால் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று நாள்கணக்கில் தேடினேன், கிடைத்ததெல்லாம் கிளினிக் விளம்பரம். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் முதலில் போனது இமைக்காக. மேல் இமை மடிந்து இமைமுடி மேலேயே உட்கார்ந்துவிட்டது. மை தீட்டினால் மத்தியானத்துக்குள் மேலே அப்பிக்கொள்ளும், சாயங்காலம் ஆனால் நெற்றி வலி. முதலில் பார்த்த இடத்தில் இரண்டே நிமிடம் பார்த்துவிட்டு, இமைச் சதையை வெட்டிவிடலாம் என்று தேதியும் கொடுத்துவிட்டார்கள். மனசு ஒப்பாமல் இன்னொரு டாக்டரிடம் போனேன். அவர் கண்ணாடி முன் உட்காரவைத்து, கண்ணை மூடி நெற்றியைத் தளர விடச் சொன்னார். அப்புறம் கட்டைவிரலால் என் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்போ மெதுவா கண்ணைத் திறங்கம்மா" என்றார். பாதிதான் தெரிந்தது. புருவம் கண்குழி எலும்புக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. இத்தனை வருஷமும் நெற்றித் தசையால் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேதான் பார்த்திருக்கிறேன்! இமையை மட்டும் வெட்டினால் நெற்றி அந்த வேலையை விட்டுவிடும், புருவம் இன்னும் இறங்கும் என்றார். இமையில் தோலை அதிகம் எடுத்துவிட்டுப் பிறகு புருவத்தைத் தூக்கப் போனால் கண் முழுசாக மூடாமல் வறண்டுபோகும் ஆபத்தும் உண்டாம். எனவே யாரிடம் போனாலும் இறங்கியிருப்பது இமையா, புருவமா, இரண்டுமா என்று முதலில் கேளுங்கள்.

எனக்குச் செய்தது எண்டோஸ்கோப் முறை. முழு மயக்கம், முடிக்குள் ஐந்து சின்ன வெட்டு, கேமரா வழியாகப் பார்த்துத் தசையை எலும்பிலிருந்து விடுவித்து மேலே இழுத்துப் பொருத்தினார்கள். காதிலிருந்து காதுவரை வெட்டும் பழைய முறையும் இருக்கிறது, அதில் முன்முடி பின்னால் போகும், ஏற்கெனவே அகலமான நெற்றி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். இரண்டு வாரம் வீக்கமும் நீலமும், தலையணை உயர்த்தி மல்லாந்துதான் தூக்கம். அதெல்லாம் பரவாயில்லை.

யாரும் சரியாகச் சொல்லாதது மரத்துப்போவதைத்தான். பொட்டு வைத்தால் விரலுக்குத் தெரிகிறது, நெற்றிக்குத் தெரியவில்லை. எண்ணெய் தேய்த்துச் சீவும்போது சீப்பு உச்சியில் ஓடுவதே தெரியாது. மூன்றாம் மாதம் அரிப்பு ஆரம்பித்தது, சொறிந்தால் சொறிகிற உணர்ச்சியே இல்லை, அரிப்பு மட்டும் உள்ளே. ராத்திரி உட்கார்ந்து அழுதிருக்கிறேன். புருவத்துக்கு மேலிருந்து உச்சிவரை போகும் நரம்பு உயிர்பெறும்போது அப்படித்தான் இருக்குமாம். இப்போது உச்சியில் ஒரு ரூபாய் நாணயம் அளவு மட்டும் மரத்திருக்கிறது. சிலருக்கு மரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடும். இதை முன்கூட்டியே சொன்னால் மனசு தயாராக இருக்கும், அவ்வளவுதான் நான் கேட்பது.

* * *

அக்கா, நன்றி. நான் ஆண், 47 வயது. 2019-ல் முகவாதம் வந்து வலது புருவம் தொங்கிவிட்டது, வண்டி ஓட்டும்போது வலது பக்கம் மேலே மறைக்கும். எனக்கு வழுக்கை, முடிக்குள் தழும்பை ஒளிக்க வழியில்லை. அதனால் புருவத்துக்கு நேர் மேலேயே ஒரு கீற்றுத் தோலை எடுத்துத் தைத்தார்கள், அந்த இடத்துக்கு மட்டும் மரப்பு ஊசி. பார்வை அன்றைக்கே தெளிந்தது. தழும்பு பல மாதம் சிவப்பாக இருந்தது, இப்போதும் கிட்டத்தில் பார்த்தால் தெரியும். புருவம் ஏறியதே தவிர அசையாது, செத்த தசைக்கு இந்த ஆபரேஷன் உயிர் தராது.

இரண்டு விஷயம். திடீரென்று ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் அழகு கிளினிக்குக்குப் போகாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பக்கவாதமாகவும் இருக்கலாம். அப்புறம் இன்ஷூரன்ஸ்: அழகுக்காகச் செய்வதற்குப் பணம் வராது, மருத்துவத் தேவை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே பார்வைப் புலப் பரிசோதனையும் (மேலேயும் பக்கத்திலும் எதுவரை தெரிகிறது என்று பார்ப்பது) புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எடுக்க முடியாது.

* * *

எனக்கு 38. போட்டோவில் எப்போதும் கோபமாகத் தெரிகிறேன் என்று போனேன். டாக்டர் முதலில் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டுப் பாருங்கள், மூன்று நான்கு மாதத்தில் அதன் விளைவு குறைந்துவிடும், பிடிக்காவிட்டால் நஷ்டமில்லை என்றார். புருவங்களுக்கு நடுவில் போட்டதுமே முகம் மாறிவிட்டது. தொங்கலே இல்லையாம், சுருக்கும் தசைதான் காரணமாம். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய அந்த டாக்டரை மறக்க மாட்டேன். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. படித்தவரா, இல்லை இமை ஆபரேஷனில் பயிற்சி பெற்ற கண் டாக்டரா என்று கேட்டுவிட்டுத்தான் போனேன். அக்கா, அம்மாவுக்கு உங்களைப் போலவே இருக்கிறது. ஆஸ்பிரின் சாப்பிடுகிறார், தலைக்கு டையும் போடுவார். என்ன செய்வது?

* * *

ஆஸ்பிரினை நீயாக நிறுத்திவிடாதே கண்ணு. ரத்தக்கசிவு கூடும் என்று சர்ஜன் நிறுத்தச் சொல்வார், ஆனால் இதயத்துக்குக் கொடுத்த டாக்டர் சரி என்ற பிறகுதான் நிறுத்த வேண்டும். டை எனக்கு ஆறு வாரம் கழித்து அனுமதித்தார்கள். உச்சி மரத்திருக்கும், எரிந்தாலும் அம்மாவுக்குத் தெரியாது, முதல் தடவை நீயே பக்கத்தில் இருந்து போட்டுவிடு. ஹேர் டிரையரும் வேண்டாம்.